பனிக்காலத் தக்காளி: குரோம்பேட்டை வட்டாரத்தில் ஒரு பயிரின் வரலாறு

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வட்டாரத்தில் தக்காளி பனிக்காலப் பயிர். ஐப்பசியில் விதைத்து, கார்த்திகைக் கடைசியில் நாற்றைப் பிடுங்கி நட்டு, தையில் பூப்பிடித்து, மாசியிலும் பங்குனியிலும் பழம் பறிப்பதே இங்குள்ள முறை. குளிர்நாடுகளில் தக்காளியைக் கோடையில்தான் வளர்ப்பார்கள். அந்த நாடுகளின் தோட்ட நூல்களைப் பார்த்துப் பயிர் செய்தவர்கள் சென்னையில் தோற்றதற்கும், இந்தச் செடி இங்கே வேரூன்ற நெடுங்காலம் ஆனதற்கும் பருவம் ஒரு முக்கியக் காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சித்திரை வெயில் ஏறும் முன் கிடைக்கும் நான்கு மாத இடைவெளியைக் கண்டுகொண்ட பிறகே தக்காளி இந்த மண்ணுக்கு உரியதானது.

அந்த இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குச் செடியின் இயல்பிலேயே விடை இருக்கிறது. தக்காளியின் முன்னோடிச் செடிகள் தென் அமெரிக்காவின் மேற்கே ஆண்டிஸ் மலைச்சாரலிலும் அதை ஒட்டிய வறண்ட கடற்கரையிலும் வளர்ந்தவை. மெக்சிகோவில் அவை தோட்டப் பயிராயின. பகல் வெயிலை அவை தாங்கும். இரவிலும் வெக்கை இறங்காமல் இருந்தால் தாங்காது. கலிபோர்னியாவில் கட்டுப்படுத்திய அறைகளில் செடி வளர்த்துப் பார்த்த ஃபிரிட்ஸ் வென்ட், 1944-ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்ட ஆய்வுகளில் இதைத் தெளிவாக்கினார். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும்போதுதான் தக்காளி நிறையக் காய்பிடிக்கும். அதற்கு மேல் போகப் போகக் காய்ப்பு குறையும். பூத்தாலும் மகரந்தம் வலுவிழப்பதால் பூ காம்போடு உதிர்ந்துவிடும். பழத்தின் நிறமும் வெப்பத்தைப் பொறுத்ததே. சிவப்பைத் தரும் லைகோபீன் 20 முதல் 25 டிகிரியில் நன்றாக உருவாகிறது, 30-க்கு மேல் அது உருவாவது தடைபடுகிறது. கோடையில் இங்கே பழுக்கும் தக்காளி மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடுவது அதனால்தான்.

இதைக் குரோம்பேட்டைக்கு அருகிலுள்ள மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் கணக்கோடு ஒப்பிட்டால் நிலைமை விளங்கும். மே மாதத்தில் பகல் வெப்பம் சராசரியாக 37, 38 டிகிரி. இரவிலும் சராசரி 27 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஜனவரி இரவுகளில்தான் 21 டிகிரியை ஒட்டி வருகிறது. வென்ட் சொன்ன எல்லையின் மேல்விளிம்பை இந்த ஊர் ஆண்டில் இரண்டு மாதம் மட்டுமே தொடுகிறது. கடலை ஒட்டிய மயிலாப்பூர், திருவல்லிக்கேணியைவிட உள்ளே தள்ளியிருக்கும் பல்லாவரம், தாம்பரம் பக்கத்தில் பனிக்கால இரவுகள் சற்றுக் கூடுதலாகக் குளிரும். இந்தச் சிறு வேறுபாடு தக்காளிக்குப் பெரிய உதவி.

மறுபுறம் மழை. சென்னையில் ஆண்டுக்குப் பெய்யும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. தமிழகத்தின் உள்மாவட்டங்களுக்குப் பொருந்தும் ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற சொல் இங்கே தக்காளிக்குப் பொருந்தாது. ஆடியில் விதைத்த செடி ஆவணி, புரட்டாசியில் பூக்கும். அப்போது இரவுகள் இன்னும் வெக்கையாகவே இருக்கும். தப்பிப் பிடித்த காயும் ஐப்பசி அடைமழையில் வெடித்தும் அழுகியும் போகும். இந்தப் பக்கத்துப் பயிருக்கு வழிகாட்டுவன வேறு இரண்டு பழமொழிகள். கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்லை, கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்லை என்பது ஒன்று. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது மற்றொன்று. முன்னது நாற்று நடும் காலத்தைச் சொல்கிறது, பின்னது காய்பிடிக்கும் காலத்தை.

தக்காளியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர் என்பது பொதுவான கருத்து. மிளகாய் அவர்களோடு வந்து தமிழ்நாட்டு அடுப்படியைப் பிடித்துக்கொண்டது. தக்காளிக்கு அப்படி நடக்கவில்லை. புளிப்புக்கு இங்கே புளி இருந்தது. மாங்காயும் எலுமிச்சையும் மோரும் இருந்தன. 1889 முதல் பல தொகுதிகளாக வெளிவந்த ஜார்ஜ் வாட்டின் இந்தியப் பொருளாதார விளைபொருள் அகராதி, அந்நாளிலும் தக்காளி பெரும்பாலும் ஐரோப்பியருக்காகவே பயிரானது என்றும், வங்காளிகளும் பர்மியரும் புளிப்புக் கறிகளில் அதைச் சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள் என்றும் குறிக்கிறது. தமிழில் அது அப்போது சீமைத்தக்காளி. இன்றும் திவசச் சமையலில் பல வீடுகள் தக்காளியை விலக்குகின்றன. முட்டைக்கோஸ், காலிபிளவர் போல அதுவும் ‘இங்கிலீஷ் காய்’ வரிசையில் சேர்ந்ததுதான் காரணம்.

ஆகவே சென்னையில் முதலில் தக்காளி வளர்த்தவை ஐரோப்பியர் குடியிருந்த பங்களாக்களின் தோட்டங்களே. பரங்கிமலையும் பல்லாவரமும் படைவீரர் குடியிருப்புகளாக இருந்ததால், சீமைக் காய்கறிக்கான தேவை நகரத்தின் தென்புறத்தில் எப்போதும் இருந்தது. 1835-இல் டாக்டர் ராபர்ட் வைட் முன்னின்று தொடங்கிய சென்னை வேளாண்-தோட்டக்கலைச் சங்கம் புதிய செடிகளையும் விதைகளையும் இங்கே பழக்குவதைத் தன் வேலையாகக் கொண்டது. கதீட்ரல் சாலையில் இருந்த அதன் தோட்டம் அந்தக் காலத்துத் தோட்டக்காரர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம். ஐரோப்பிய விதை கப்பல் பயணத்தின் ஈரத்தில் முளைப்புத்திறன் இழப்பது அவர்களின் ஓயாத குறை. இங்கேயே காய்த்த பழத்தில் விதை எடுத்து மறுபடியும் இங்கேயே விதைத்தால் செடி பழகிவிடும் என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டார்கள். பங்களா வேலையிலிருந்த உள்ளூர்த் தோட்டக்காரர்கள் வழியாகவே அந்த விதை வெளியே வந்திருக்க வேண்டும்.

கர்னல் கென்னி-ஹெர்பர்ட் ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878-இல் வெளியிட்ட, சென்னை ஆங்கிலேயரின் சமையல் பற்றிய நூல் அந்தப் பங்களாச் சமையலறைகளின் உலகத்தைச் சேர்ந்தது. அதே காலத்தில் சைதாப்பேட்டையில் அரசின் மாதிரிப் பண்ணை நடந்துவந்தது. 1860-களில் உருவான அந்தப் பண்ணையையும் அதை ஒட்டிய வேளாண் பள்ளியையும் நெடுங்காலம் நடத்தியவர் டபிள்யூ. ஆர். ராபர்ட்சன். குரோம்பேட்டையிலிருந்து ஒரு காலை நேரத்தில் நடந்து போய்விடக்கூடிய தூரத்தில் அரசின் வேளாண் ஆராய்ச்சி நடந்தது. 1906-இல் அந்தப் பள்ளி கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டுக்கென வெளிவந்த தக்காளி ரகங்கள் கொங்குநாட்டிலும் பெரியகுளத்திலும் உருவானதற்கு இந்த இடமாற்றம் ஒரு தொடக்கம். கடலோர வெக்கைக்கென ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைச் சென்னையின் தென்புறம் அத்துடன் இழந்தது என்றே கருத வேண்டும்.

வெப்பநாடுகளின் பனிக்காலத் தக்காளி அதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேறு இடங்களில் பெருவணிகமாகிக்கொண்டிருந்தது. 1880-களிலிருந்து கனேரித் தீவுகள் குளிர்காலத்தில் இங்கிலாந்துக்குத் தக்காளி ஏற்றின. லண்டன் துறைமுகத்தில் கனேரி வார்ஃப் என்ற பெயர் அந்தப் பழ வணிகத்தின் மிச்சம். புளோரிடாவிலிருந்து ரயில்கள் பனி மூடிய வடக்கு நகரங்களுக்குத் தக்காளி கொண்டுபோயின. சென்னைக்கு அப்படியொரு குளிர்நாட்டுச் சந்தை பக்கத்தில் இல்லை. இங்கு விளைந்தது இந்த நகரத்துக்கே போயிற்று. நகரம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் பயிரும் பெருகியது.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். பல்லாவரம் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை, நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம், செம்பாக்கம், சிட்லபாக்கம் எனக் குரோம்பேட்டையைச் சுற்றி ஏரிகள் அடுக்கடுக்காக நின்று, மிகுந்த நீரைப் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு அனுப்பின. ஏரிக்குக் கீழே இருந்த நஞ்செய் முழுவதும் சம்பா நெல். ஆவணியில் தொடங்கித் தை வரை அந்த நிலம் நெல்லுக்கே உரியது. தக்காளியை நட்டுப் பூக்கவிட வேண்டிய மாதங்களும் அவற்றுள் அடங்கும். அதனால் தக்காளி மேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கிணற்றுப் பாசனமுள்ள தோட்டக்காலிலும் கொல்லையிலும், கத்தரி, மிளகாய், கீரைப் பாத்திகளின் ஓரத்தில் அதற்கு இடம் கிடைத்தது. பல்லாவரம் மலையடிவாரத்துச் செம்மண், சரளை கலந்தது. 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த சரளை மண்ணும் இந்த வட்டாரத்துடையதுதான். நீர் தேங்காமல் வடியும் அந்த மண், வேரழுகலுக்கு அஞ்சும் தக்காளிக்கு மழைமுடிவில் நல்ல இடம். சத்து குறைவு என்பதால் மாட்டெருவும் ஏரி வண்டலும் வண்டி வண்டியாகப் போட வேண்டியிருந்தது.

இந்தப் பயிரில் கவனம் முழுவதும் நாற்றங்காலில்தான். மழை கொட்டும் ஐப்பசியில் விதை விடுவதால், தரையைவிட அரையடி உயர்த்திய மேட்டுப்பாத்தி வேண்டும்; சுற்றிலும் வடிகால் வேண்டும். விதைக்குச் சாம்பல் பூசி, விரற்கடை இடைவெளியில் கோடு கீறித் தூவி, மேலே மணலும் தூளாக்கிய எருவும் மூடுவார்கள். அடைமழை நேரத்தில் கீற்றுப் பந்தல் பாத்தியைக் காக்கும். மழை விட்டதும் கீற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெளிறி நீண்டு, தண்டு அடியில் அழுகிச் சாய்ந்துவிடும். இருபத்தைந்து நாளில் நாற்று தயார். பார் பிடித்து, அதன் சரிவில், இரண்டடிக்கு ஒன்றரையடி இடைவெளியில் மாலை வேளையில் நடுவார்கள். நட்ட முப்பது நாளில் பூ, பூத்த நாற்பத்தைந்து ஐம்பது நாளில் பழம் என்று கணக்கிட்டால், கார்த்திகை நடவின் பூ மார்கழிப் பின்பாதியிலும் தையிலும் வந்து விழும். ஆண்டின் மிகக் குளிர்ந்த இரவுகள் அவை. இந்தக் கணக்கு பதினைந்து நாள் பிசகினால் விளைச்சல் பாதியாகிவிடும். மழைக்குப் பயந்து நடவைத் தையில் வைத்துக்கொண்ட தோட்டங்கள் பங்குனி வெயிலில் பூவை உதிர்த்தன; துணிந்து ஐப்பசியிலேயே நட்டவை வெள்ளத்தில் போயின.

1931 மே மாதம் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கிராமங்களாக இருந்த ஊர்கள் நகரத்துச் சந்தைக்குப் பக்கத்து வீடாயின. விடியற்காலையில் கூடையோடு ஏறினால் கொத்தவால் சாவடியில் விற்றுவிட்டு வெயிலுக்கு முன் திரும்பலாம். அதற்குள் தக்காளி நகரத்து உணவகங்களிலும் நடுத்தர வீட்டு ரசத்திலும் இடம்பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு நடத்திய ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கம் வீட்டுக் கொல்லையில் காய்கறி போடும் பழக்கத்துக்கு ஊக்கம் தந்தது.

ஆனால் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது தோல். ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் நடத்திய குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடர்ந்து, ஜி. ஏ. சேம்பர்ஸ் 1912-இல் இங்கே குரோம் லெதர் கம்பெனியைத் தொடங்கினார். ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது. பிறகு நாகல்கேணி, பல்லாவரம், பம்மல் பக்கங்களில் தோல் பதனிடும் கூடங்கள் பெருகின. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பும், பதனிடப் பயன்பட்ட குரோமியமும் கழிவுநீரோடு ஏரிக்கும் நிலத்தடிக்கும் இறங்கின. தக்காளி ஓரளவு உப்பைத்தான் தாங்கும். கிணற்று நீர் உப்பேறினால் முதலில் இலையோரம் கருகும், பிறகு காய் சிறுக்கும். வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அப்போது செங்கை எம்.ஜி.ஆர். எனப்பட்ட இந்த மாவட்டத்துத் தோல் கூடங்களையும் உள்ளடக்கியது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத கூடங்கள் இயங்கக் கூடாது என்று அது உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்த காலத்தில் பல தோட்டக்கால்களின் கிணறுகள் ஏற்கெனவே பயனற்றுப்போயிருந்தன. ஊரின் பெயருக்குப் பின்னால் இருக்கும் இந்த இழப்பு உரிய அளவில் பேசப்படாதது வருந்தத்தக்கது.

தோல் ஆலை கெடுக்காமல் விட்ட நிலத்தை வீடுகள் எடுத்துக்கொண்டன. 1949-இல் சி. ராஜம் தம் வீட்டை விற்று நிறுவிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி (எம்.ஐ.டி.) கல்லூரி குரோம்பேட்டைக்குப் புதிய முகம் தந்தது. ரயிலை ஒட்டி நகர்கள் எழுந்தன. மனைகள் ஓரளவு பெரியவையாக இருந்த முதல் முப்பது ஆண்டுகளில், கொல்லைப்புறத்தில் முருங்கை, வாழை, கறிவேப்பிலையோடு பனிக்காலத்தில் நான்கு தக்காளிச் செடியும் நின்றன. பாத்திரம் தேய்க்கும் இடத்தில் தானே முளைத்துக் காய்த்த நாட்டுத் தக்காளியும் உண்டு. தட்டையாய், மடிப்பு மடிப்பாய், மெல்லிய தோலோடு புளிப்பேறிய அந்தப் பழம் ரசத்துக்கு நிகரற்றது.

பயிரின் போக்கை மாற்றியது ஆராய்ச்சி. மார்குளோப், சியூ போன்ற அமெரிக்க ரகங்கள் முதலில் இங்கே பரிந்துரைக்கப்பட்டன. சியூவிலிருந்து டெல்லியில் உருவானது பூசா ரூபி. கோயம்புத்தூரிலிருந்து கோ 1, அதன் திடீர்மாற்றமாக 1980-இல் கோ 3 எனும் மருதம் ஆகியவை வந்தன. பெரியகுளம் ஆராய்ச்சி நிலையம் ‘அன்னஞ்சி’ என்ற உள்ளூர் வகையில் திடீர்மாற்றம் உண்டாக்கி, பி.கே.எம். 1 ரகத்தை 1978-இல் வெளியிட்டது. வறட்சி தாங்கும், தொலைதூரம் போனாலும் நசுங்காத இந்தத் தட்டையுருண்டைப் பழம் தமிழ்நாட்டுத் தக்காளியின் அடையாளமாயிற்று. வீட்டுத் தோட்டக்காரர்கள் இன்றும் முதலில் கேட்கும் விதை இதுதான். பெங்களூரில் இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனம் 1973-இல் ‘கர்நாடகா’ என்ற கலப்பினத் தக்காளியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோயம்பேட்டில் இன்றும் நாட்டுத் தக்காளி, நவீன் தக்காளி என்று இரண்டு விலை சொல்வார்கள். நவீன் என்பதும் ஒரு கலப்பின ரகத்தின் பெயர்தான். தைவானில் 1971-இல் அமைந்த ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையம் வெக்கையிலும் காய்பிடிக்கும் தக்காளியைத் தன் முதல் இலக்குகளில் ஒன்றாகக் கொண்டது. அந்த முயற்சிகளால் பருவத்தின் எல்லை சில வாரங்கள் நீண்டது. கடலோரச் சித்திரையை வெல்லும் தக்காளி இன்னும் வரவில்லை.

வணிகப் பயிராகத் தக்காளி இந்த வட்டாரத்தை விட்டுப் போனதற்கு மேட்டுநிலமே காரணம். மதனப்பள்ளி கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்திலும், கோலார் 800 மீட்டருக்கு மேலும் இருக்கின்றன. சென்னை வேகும் மே, ஜூனிலும் அங்கே இரவு குளிரும், தக்காளி காய்க்கும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்திலிருந்தும் லாரிகள் வந்தன. ஆண்டு முழுவதும் பழம் கிடைத்தபோது, மாசியிலும் பங்குனியிலும் மட்டும் பழம் தரும் குரோம்பேட்டைத் தோட்டத்தால் நிற்க முடியவில்லை. 1996-இல் கொத்தவால் சாவடிக் காய்கறி வணிகம் கோயம்பேட்டுக்கு மாறியதும் லாரிவழி வரத்து இன்னும் உறுதியானது. அந்த ஏற்பாட்டின் பலவீனம் மழையிலும் வெயிலிலும் வெளிப்படும். 2021 நவம்பரில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பெய்த பெருமழையால் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூலையில் மறுபடியும் நூறைத் தாண்ட, அரசு சென்னையில் 82 நியாயவிலைக் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது.

நிலம் போன பிறகு பயிர் மாடிக்கு ஏறியது. 2013-14-இல் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்ற திட்டத்தின் கீழ் தென்னைநார்க் கழிவுப் பைகளும் விதைகளும் அடங்கிய தொகுப்பை மானிய விலையில் கொடுத்தது. பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் பழைய சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே செடிகளும் நாற்றுகளும் கிடைக்கின்றன. 2021 நவம்பரில் பல்லாவரம் நகராட்சியோடு குரோம்பேட்டையும் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தது. இன்று இங்கே தக்காளி பெரும்பாலும் மொட்டைமாடிப் பயிர்.

மாடியில் பருவம் இன்னும் குறுகுகிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் இரவில் வெளியே விடுவதால், தரையைவிட மாடியில் இரவு வெப்பம் கூடுதல். ஆகவே மார்கழியும் தையும் மேலும் அருமையாகின்றன. மழையைப் பொறுத்தவரை மாடிக்கு ஒரு நன்மை உண்டு. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய 2015 டிசம்பர் மழையில் தாழ்ந்த நிலமெல்லாம் மூழ்கியது. பையில் நின்ற செடியை வடிதுளை காக்கும். தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. காற்றோ வண்டோ அதை அசைத்தால் போதும். மூடிய மாடிகளில் காலை எட்டு ஒன்பது மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டுவது அதற்காகத்தான். தண்ணீரைத் தாறுமாறாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல், அதன் அடிப்பகுதி கறுத்து அழுகும்.

பனிக்காலப் பயிருக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. தக்காளி இலைச்சுருட்டு நோய் பற்றி இந்தியாவிலிருந்து விரிவான ஆய்வு 1948-இல் வெளிவந்தது. அதைப் பரப்புவது வெள்ளை ஈ. வறண்ட வெக்கையில் அந்த ஈ பெருகும், மழை முடிந்த குளிரில் குறையும். கார்த்திகை நடவு தன் இளம் பருவத்தை ஈ குறைந்த மாதங்களில் கடந்துவிடுகிறது. மாசிக்குப் பிறகு தொற்றினாலும் அதற்குள் முதல் அடுக்குப் பழங்கள் பறித்தாகிவிடும். மஞ்சள் ஒட்டும் அட்டையும் வேப்பெண்ணெய்க் கரைசலும் மாடிகளில் இதற்காகவே பயன்படுகின்றன. காய்ப்புழுவுக்குச் செண்டுமல்லியைப் பொறிப்பயிராக நடும் வழக்கத்தைப் பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. இலைச்சுருட்டு, பாக்டீரிய வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் அர்கா ரக்ஷக் கலப்பினமும் அங்கே உருவானதே.

பங்குனிக் கடைசியில் பூக்கள் காய்பிடிக்காமல் உதிரத் தொடங்கும். பழமும் சிவக்காமல் மஞ்சளாகவே நிற்கும். நிழல்வலை கட்டினால் இரண்டு வாரம் கூடுதலாக ஓடும். விதை எடுப்பவர்கள் மாசியில் பழுத்த இரண்டாம், மூன்றாம் கொத்துப் பழத்தைப் பிழிந்து, சாம்பலில் பிசைந்து, நிழலில் உலர்த்திவைப்பார்கள். பி.கே.எம். 1 போன்ற ரகங்களிலும் நாட்டு வகையிலும் இது பலிக்கும், கலப்பினத்தில் அடுத்த தலைமுறை தாய்ச்செடியைப் போல வராது. சித்திரை பிறந்ததும் செடியைப் பிடுங்கிவிட்டு, அதே பையில் எருவைப் புதுப்பித்து, வெயிலுக்கு அஞ்சாத வெண்டையும் கொத்தவரையும் போடுவார்கள்.